முகமூடியும் தலையாட்டியும்



சுவிசில் எங்கள் பிள்ளைகள் முகமூடி போட்டு மேளமடித்துப் போன வீடியோ ஊர்வரை வந்துவிட்டதாம். "தவக்காலத்தில் இதென்ன கூத்து?" என்று பெரியவர்கள் கேட்டீர்களாம். எல்லோருக்கும் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானது. இங்கே லுசேர்ன் நகரத்தில் இந்த முகமூடிக் கொண்டாட்டம் விபூதிப் புதனுக்கு முன்பே முடிந்துவிடும். நாங்கள் இருக்கும் பாசலிலோ அந்தப் புதனுக்கு அடுத்த திங்கள்தான் ஆரம்பம். ஞாயிறுகளையும் நோன்பு நாளாகச் சேர்த்து எண்ணிய பழைய கணக்கின் மிச்சம் அது. 1529இல் பாசல் நகரம் கத்தோலிக்கத்தை விட்டது; முகமூடியை விடவில்லை.

திங்கள் அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகள் அணையும். ஒரு கட்டளைக் குரல் கேட்கும். உடனே இருட்டுக்குள் மேளமும் பிக்கலோ குழலும் கிளம்பும். தலைகளில் சின்ன விளக்குகள். நடுவே, ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியக் கூடு, உள்ளே வெளிச்சத்தோடு அசைந்து வரும். 'லார்வே' என்ற முகமூடியைக் கடதாசியும் பசையுமாக அச்சில் ஒட்டி, காயவிட்டு, வர்ணம் பூசுவார்கள். உள்ளே இருப்பவர் வங்கி முகாமையாளரா, வீதி கூட்டுபவரா என்று தெரியாது.

எங்களுக்கு முகமூடி என்றால், இராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுத்த தலையாட்டிதானே. சுற்றிவளைப்பில் எங்களை வரிசையாக இருத்துவார்கள். தலையாட்டியின் முகத்தை மூடிய சாக்குக்குள்ளிருந்து இரண்டு கண்கள் பார்க்கும். அந்தத் தலை ஆடினால் பிள்ளை போனான். அந்த முகமூடி ஆயுதத்தின் பக்கம் நின்றது. இங்கே அது சாதாரண சனத்தின் பக்கம் நிற்கிறது. அமைச்சரோ பெரிய கம்பனியோ, வருடம் முழுக்கச் செய்த கூத்தெல்லாம் விளக்குக்கூட்டில் படமாக வரும். உணவகங்களில் பாட்டுக் கட்டி, படம் காட்டி நையாண்டி செய்வார்கள். வியாழன் அதிகாலை 4 மணியோடு எல்லாம் ஓய்ந்துவிடும். 2017இல் யுனெஸ்கோவும் பாசலின் இந்தக் கொண்டாட்டத்தை மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

எல்லாக் கிண்டலும் நல்லது என்று சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரரை இழிவாகக் காட்டும் படங்களைப் பற்றி இந்த நகரத்துக்குள்ளேயே வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எங்கள் பிள்ளைகளும் தூரிகையோடு உள்ளே நிற்கட்டும். வெளியே நின்று மனம் நொந்து என்ன பயன்?

ஆகவே பிள்ளைகளைப் பேசாதீர்கள். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் நிற்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
பாசலிலிருந்து உங்கள் ஊரவன்