தொலைநோக்கு சரி, இலக்கு எத்தனை?

பல்கலைக்கழகங்களின் தொலைநோக்குக் கூற்றுகளை வாசித்தால் யாருக்கும் மறுப்பு வராது. தரமான பட்டதாரிகள், சர்வதேசத் தரத்தில் ஆய்வு, பிரதேச அபிவிருத்தி. எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. இன்று ஒலுவிலிலும் சம்மாந்துறையிலுமாகப் பல பீடங்கள் இயங்குகின்றன. எமது பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால் இந்தக் கேள்வி எமக்கும் உரியது.

பாடசாலைகளில் இருக்கும் எமக்கு இது பழக்கமான வேலை. ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து வருடாந்தத் திட்டம் எழுதுகிறோம். "கணித அடைவை உயர்த்துதல்" என்று மட்டும் எழுதினால் அது திட்டமாகாது. இப்போது சித்தியடைவோர் எத்தனை பேர், அடுத்த வருடம் எத்தனை பேர், யார் பொறுப்பு, எந்த மாதம் மீளாய்வு, எவ்வளவு செலவு என்று எழுத வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் இதே கணக்குத்தான்.

மூன்று உதாரணங்கள் சொல்கிறோம்.

1. "பட்டதாரிகளின் தொழில்வாய்ப்பை மேம்படுத்தல்." இதற்கு எத்தனை செயலமர்வு நடத்தினோம் என்று எண்ணுவது இலகு. அது செய்த வேலையின் கணக்கு, கிடைத்த பலனின் கணக்கல்ல. பட்டமளிப்பு முடிந்து ஒரு வருடத்தில் எத்தனை பேர் படிப்புக்கேற்ற தொழிலில் இருக்கிறார்கள் என்று பீடம் வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பார்க்க வேண்டும்.

2. "ஆங்கிலத் திறன்." உயர்தரத்தைத் தமிழ் மொழிமூலம் படித்து வரும் பிள்ளையின் நிலையை நுழையும்போதே ஒரு பரீட்சையால் அறிந்து, முதலாம் வருட முடிவில் அதே தரத்தில் மீண்டும் அளக்கலாம். தொடக்க நிலை தெரியாமல் முன்னேற்றம் பேச முடியாது.

3. "பிரதேசத்துக்குப் பங்களிப்பு." ஒலுவில், நிந்தவூர் கரையோரம் கடலரிப்பால் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். கரை எவ்வளவு பின்வாங்குகிறது என்று குறித்த இடங்களில் மாதாமாதம் அளந்து, வருடாவருடம் பிரதேச செயலகத்துக்கும் மீனவர் சங்கங்களுக்கும் தமிழில் அறிக்கை தரலாம். புவியியல் துறையும் பொறியியல் பீடமும் அருகிலேயே இருக்கின்றன.

எல்லாவற்றையும் எண்ணாக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண் மட்டும் இலக்கானால் குறுக்கு வழியும் வரும். சித்தி வீதத்தைக் காட்டுவதற்காக மெல்லக் கற்கும் பிள்ளையைப் பரீட்சைக்குத் தோற்றாமல் தடுப்பது பாடசாலைகளில் நடப்பதுண்டு. அதற்காக அளப்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அதைக் காவல் காக்கும் இன்னோர் எண்ணை வைக்க வேண்டும். சித்தி வீதத்தோடு தோற்றியோர் தொகையையும், இடைவிலகல் குறைந்ததோடு வெளிவாரிப் பரீட்சகரின் கருத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏமாற்றுவது கடினம்.

சமூகமாக நாம் கேட்க வேண்டியது இதுதான். வருடத்துக்கு ஒருமுறை, தமிழில், ஒரு பக்கம்: என்ன இலக்கு வைத்தீர்கள், எவ்வளவு எட்டினீர்கள், எட்டாததற்குக் காரணம் என்ன, பொறுப்பு யார். பல்கலைக்கழகப் பேரவையில் வெளியிலிருந்து நியமிக்கப்படும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் எழுதிக் கேட்கலாம்.

குறை பிடிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. இலக்கு எட்டாவிட்டாலும் ஏன் எட்டவில்லை என்று தெரிந்தால், அடுத்த வருடம் எங்கே பணமும் ஆளும் தேவை என்பது தெரியும். நிதி கேட்டுக் கொழும்புக்குப் போகும் நிர்வாகத்தின் கையிலும் அப்போது உறுதியான ஆதாரம் இருக்கும்.

பழைய மாணவர்களும் பெற்றோரும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் பார்வையில் முதலில் அளக்க வேண்டியது எது என்று கீழே எழுதுங்கள்.