"பிரிந்து போ" என்பது பதிலாகுமா?

திறந்த மூல மென்பொருள் இயக்கத்தார் தம்மைச் சுதந்திரத்தின் காவலர் என்று கூறிக்கொள்கின்றனர். நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதிவைத்துள்ளனர். இவ்வுரிமையை நாம் போற்றுகிறோம். வயலில் நிற்கும் கமக்காரரின் அன்ட்ரொயிட் கைப்பேசிக்கு அடித்தளமாக இருப்பதும் இவர்கள் ஆக்கிய லினக்ஸ் அன்றோ! ஆனால், அந்தச் சுதந்திர மாளிகைக்குள் மாற்றுக் கருத்துக் கூறுபவனுக்கு நேரும் கதி என்ன?

"நீ எழுதிய நிரல் எங்கே?" என்பது முதற் கேள்வி. அதாவது, வழக்குத் தொடுக்கும் தகுதியே உனக்கில்லை என்பது. நிரல் எழுதியவனே எதிர்த்தாலோ, "பிடிக்காவிட்டால் பிரதியெடுத்துக்கொண்டு பிரிந்து போ" என்பது தீர்ப்பு. பிரிந்து போவது பெரிய உரிமையே, மறுக்கவில்லை. வெளியேறும் உரிமையைக் காட்டி உள்ளே பேசும் உரிமையைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? அதிலும் விந்தை, பிரிந்து போக எண்ணியதே குற்றமாகிவிடுவதும் உண்டு!

எக்ஸ்ஃபிரீ86 என்ற மென்பொருளின் கதையைக் கேளுங்கள். லினக்ஸ் கணினிகளின் திரையில் சாளரங்களைத் தோற்றுவித்தது அதுவே. திருத்தங்களை ஏற்கும் அதிகாரம் ஒரு சிலர் கையில் இருந்தது. மையக்குழுவில் ஒருவரான கீத் பக்கார்ட், நிர்வாகம் மூடுண்டு கிடக்கிறது என்று முறையிட்டார். 2003 மார்ச்சில் குழு அவரை விலக்கியது. இரகசியமாகப் பிரிவினைக்கு ஆதரவு திரட்டினார் என்பது குற்றச்சாட்டு. குற்றஞ் சாட்டியோரும் அவர்களே, நீதிபதிகளும் அவர்களே! இரகசியமாகப் பேசியது சரியென்று வாதாட நாம் வரவில்லை. வெளிப்படையாகப் பேச இடமிருந்ததா என்பதே எமது கேள்வி. "துரோகி" என்ற சொல் வாதத்தின் இடத்தைப் பிடித்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ் அரசியலில் பட்டறிந்தவர்கள் நாம். இந்த வாடை எமக்குப் புதிதன்று.

அவ்வாண்டு முடிவில் அந்த மையக்குழுவே கலைந்தது. 2004 பெப்ரவரியில், ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற புது நிபந்தனை உரிமத்தில் நுழைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தும் கைவிட்டாரில்லை. றெட் ஹற், டெபியன் முதலியோர் புதிய பதிப்பை ஏற்க மறுத்தனர். ஏப்ரலில், உரிமம் மாறுமுன் இருந்த நிரலைக் கொண்டே எக்ஸ்.ஓர்க் தன் வெளியீட்டைத் தந்தது. உலகம் அதன் பின்னே போயிற்று. 2008க்குப் பின் எக்ஸ்ஃபிரீ86இன் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை.

வீணர் கூச்சலையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும் என்பர். ஓரளவு உண்மை, வசைபாடுவோர் எதிர்ப்பாளரிடையேயும் உளர். ஆயினும் லினக்ஸை முழுத் தொகுதியாக வழங்கும் டெபியனைப் பாருங்கள். 1998இல் தனக்கென ஒரு யாப்பை எழுதிக்கொண்ட அமைப்பு அது. கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி பற்றி 2014இல் அங்கே பெரும் பிணக்கு மூண்டது. தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகித் தலைவரின் வாக்கே முடிவு செய்தது. பின்னர் உறுப்பினரின் பொது வாக்கெடுப்பும் நடந்தது. கசப்புத் தீரவில்லை, சிலர் விலகினர். ஆனால் தோற்றவரின் வாக்கும் எண்ணப்பட்டது.

ஏனையோரிடம் நாம் கேட்பதும் இவ்வளவே. ஒருவரை விலக்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். அவருடைய பதிலையும் அதே இடத்தில் வெளியிடுங்கள். நிரலின் ஒவ்வொரு வரியையும் உலகம் பார்க்கத் திறந்துவைப்போருக்கு இதில் என்ன சங்கடம்?