உலர்ந்த நிறம், நனைந்த நிறம்

டிசம்பர் குளிரில் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஆறுகளில் தொடையளவு தண்ணீரில் சிலர் நின்றுகொண்டிருப்பார்கள். ட்ரவுட் சீசன் முடிந்திருக்கும். அவர்கள் தேடுவது கிரேலிங் மீனை. காஷ்மீருக்கும் நீலகிரிக்கும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ட்ரவுட்டுக்கு இது உறவு. பாய் விரித்தது போன்ற முதுகுத் துடுப்பும், தரையில் மேய வசதியாகக் கீழ்நோக்கி அமைந்த சிறிய வாயும் இதன் அடையாளங்கள். தூண்டிலில் புழு கிடையாது. முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சிதான். சட்டைப்பையில் ஒரு சிறு டப்பா, அதில் பல நிறங்களில் பூச்சிகள். எதை எடுப்பது என்பதில் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சண்டை.

சிவப்புக் கட்சிதான் பழையது. 19ம் நூற்றாண்டின் நடுவில் வூஸ்டர்ஷயரில் பிறந்த 'ரெட் டேக்' அதன் சின்னம். மயில் தோகை இழையில் உடல், சேவலின் கழுத்து இறகு, வாலில் துளி சிவப்புக் கம்பளி. இயற்கையில் இப்படி ஒரு பூச்சி இல்லை. கிரேலிங் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. யார்க்ஷயரில் இதைப் பிரபலமாக்கிய ஃபிரான்சிஸ் வால்ப்ரன் 1909ல் யூர் ஆற்றில் கிரேலிங் பிடிக்கப் போய் அங்கேயே மூழ்கி இறந்தார். சிவப்பு வாலுக்குப் பதில் மஞ்சளோ ஆரஞ்சோ வைத்தால் அதற்கு 'ட்ரீகிள் பார்கின்' என்று வேறு பெயர், வேறு ரசிகர்கள்.

எதிர்க்கட்சி தெற்கே. வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் ஒரு பகுதியை அரை நூற்றாண்டு பராமரித்தவர் ஃபிராங்க் சாயர் (1906-1980). அங்கே கிரேலிங்குக்கு மரியாதை இல்லை. பணக்காரர்களின் ட்ரவுட்டுக்கான இரையைப் பங்குபோடும் மீன் என்ற குற்றச்சாட்டு. வயலில் எலியை ஒழிப்பது போல அதை ஒழித்தார்கள். ஆற்றுக் காவலரான சாயருக்கு அது வேலையின் ஒரு பகுதி. அதற்காக அவர் செய்த பூச்சிதான் 'கில்லர் பக்'. 

செய்முறை எளிது. முள்ளில் செம்புக் கம்பி, மேலே கம்பளி நூல். இறகு இல்லை, வால் இல்லை. கம்பளி மட்டும் சாட்விக்ஸ் 477 என்ற எண்ணுள்ளதாக இருக்க வேண்டும். கிழிந்த காலுறையைத் தைக்க விற்ற சாதாரண நூல் அது. கையில் வைத்துப் பார்த்தால் மங்கிய பழுப்பு. தண்ணீரில் முக்கினால் லேசான ரோஸ் கலந்து, பாதி ஒளி ஊடுருவுவது போல மாறும். கிரேலிங் விரும்பித் தின்னும் நன்னீர்க் கூனியின் நிறம் கிட்டத்தட்ட அதுதான். கடையில் வெயிலில் பிடித்துப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடும் விஷயம் இது. மீன் எந்தப் பூச்சியையும் உலர்ந்த நிலையில் பார்ப்பதில்லை.

1960களில் அந்த நூலின் உற்பத்தி நின்றது. அப்புறம் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. காலுறை நூலின் மிச்ச அட்டைகள் அரும்பொருளாகி, ஏலத்தில் விலை ஏறின. இது பக்தி, மீன்பிடிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நனைத்தால் அதே சாயல் தரும் வேறு கம்பளியிலும் மீன் விழுகிறது.

அப்படியானால் பளிச்சென்ற ரோஸ், ஆரஞ்சுப் பூச்சிகள் வெறும் அலங்காரமா? இல்லை. யார்க்ஷயரின் மேட்டுநிலங்களில் மட்கிய தாவர மண்ணைக் கடந்து வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அது நீல ஒளியை விழுங்கிவிட்டு சிவப்பையும் ஆரஞ்சையும் விட்டுவைக்கும். மழைக்குப் பின் அங்கே ரோஸ் பூச்சி எடுபடுவதற்கு இது நியாயமான காரணம். இன்னொன்றும் உண்டு. ஒருவகை ஒட்டுண்ணிப் புழு கூனியின் உடலில் புகுந்தால் வெளியே ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். அந்தக் கூனியை மீன் தின்றால்தான் புழுவின் வாழ்க்கைச் சுற்று முழுமையாகும். ஆரஞ்சுப் புள்ளி வைத்த பொய்ப்பூச்சியைக் கட்டுபவர் தெரிந்தோ தெரியாமலோ புழுவின் தந்திரத்தைக் காப்பியடிக்கிறார்.

ஆனால் நிறத்துக்கு முன்னால் எடை. குளிர்காலக் கிரேலிங் கூட்டமாகத் தரையோரம் கிடக்கும். இரைக்காக அதிகம் மேலே வராது. சாயரின் செம்புக் கம்பி பூச்சியை அங்கே கொண்டு சேர்த்தது. இன்று அதே வேலையை டங்ஸ்டன் மணி செய்கிறது. பூச்சி ஆழத்துக்குப் போகாவிட்டால் எந்த நிறமும் வீண். நிறத்தை மாற்றுவதற்கு முன் ஒரு கனமான பூச்சியைப் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

1977ல் இந்த மீனுக்காகவே கிரேலிங் சொசைட்டி தொடங்கப்பட்டது. கில்லர் பக் இன்னும் விற்கிறது. அதன் முள்ளின் கொக்கியை நசுக்கிவிட்டு, பிடித்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றி, அது மூச்சு வாங்கி நீந்திப் போகும்வரை கையில் தாங்கி நிற்பவர்கள் இப்போது பலர்.