கிழட்டு நாய் யாருக்கு வேண்டும்?

நாய்க் காப்பகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி இருக்கா?" என்பதுதான். மூஞ்சியெல்லாம் நரைத்துப்போய், கம்பிக்குப் பின்னால் வாலாட்டி நிற்கும் பத்து வயது நாயைக் காட்டினால், "இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்கிறார்கள்.

அந்த நாயும் ஒரு காலத்தில் குட்டிதானே! 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாயைப் பார்த்துவிட்டுப் பலர் பக் குட்டி தேடி அலைந்தார்கள். தட்டை மூக்கால் மூச்சு விடவே சிரமப்படும் இனம் அது, நம் ஊர் வெயில் அதற்கு ஆகாது என்பதெல்லாம் விளம்பரத்தில் வரவில்லை. பக் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் வாழும். விளம்பர மோகம் அத்தனை காலம் நிற்குமா? மூட்டு வலி, கண்புரை, டாக்டர் செலவு என்று ஆரம்பித்ததும், "வீடு மாறுகிறோம்", "குழந்தைக்கு அலர்ஜி" என்று காரணங்கள் முளைத்துவிடுகின்றன.

வளர்த்த நாயைத் தகுந்த காரணமின்றிப் பட்டினிக்கு விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை!

வயதான நாயைப் பழக்க முடியாது என்பார்கள். குட்டிதான் செருப்பைக் கடிக்கும், ராத்திரியெல்லாம் அழும், வீடு முழுக்க மூத்திரம் போகும். வரிசையாகத் தடுப்பூசியும் போட வேண்டும். வீட்டில் வளர்ந்த முதிய நாய்க்குப் பெரும்பாலும் எல்லாம் பழகியிருக்கும். அதன் குணமும் கண்ணெதிரே தெரியும். காலையும் மாலையும் மெதுவாக ஒரு நடை போதும், மற்ற நேரத்தில் பெரும்பாலும் தூங்கும். ஓய்வு பெற்றவர்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணை ஏது?

செலவு ஆகும் என்பது உண்மை. பல், சிறுநீரகம், மூட்டு என்று ஏதாவது வரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவது வேடிக்கை. அந்தக் குட்டிக்கும் ஒருநாள் இதே செலவு வரத்தானே போகிறது?

"சீக்கிரம் செத்துவிடும், மனசு தாங்காது" என்பது இரக்கமுள்ளவர்கள் சொல்லும் காரணம். அவர்களுக்கு அது சில மாதத் துக்கம். அந்த நாய்க்கோ, அவர்கள் கொடுக்கும் இரண்டு மூன்று வருடம்தான் மிச்சமுள்ள மொத்த வாழ்க்கை. தங்கள் மனசு நோகாமல் இருக்க, அதைச் சிமெண்டுத் தரையில் சாக விடுவதா இரக்கம்?

நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது, அப்படிப்பட்ட சொர்க்கமே வேண்டாம் என்று நின்றவர் தருமர். அந்தக் கதையைச் சிலாகிக்கிறவர்கள், காப்பகத்தில் கடைசிக் கூண்டுவரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். குட்டி மட்டும்தான் வேண்டும் என்கிறவர்கள் பொம்மை வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு வயதாகாது.