நோயுள்ளவர்க்கும் காப்பீடு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் செல்வம் வாய்த்தவர்க்கு மருத்துவக் காப்பீடும் எளிதில் வாய்க்கிறது. முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். ஆனால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே உடலில் குடியேறிவிட்டவர் காப்பீடு கேட்டுச் சென்றால் என்ன நடக்கிறது? தேவை மிகுந்தவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. தேவை குறைந்தவருக்குத் திறக்கப்படுகிறது. இது முறைதானா?

காப்பீடு என்பது பலர் கூடி ஒருவர் சுமையைத் தாங்கும் ஏற்பாடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் கட்டினால் ஐந்து இலட்சம் சேரும். அவற்றுள் ஐந்து குடும்பங்களுக்கு நோய் வந்தால் ஆளுக்கு ஓர் இலட்சம் கொடுக்கலாம். எந்த ஐந்து குடும்பம் என்பது எவருக்கும் தெரியாது. அந்த அறியாமையில்தான் இந்த ஏற்பாட்டின் உயிரே இருக்கிறது.

நிறுவனங்கள் கூறும் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு தீப்பிடித்த பிறகு தீக் காப்பீடு கேட்பது எப்படிச் சரியாகும்? எல்லாரும் நோய் வந்த பிறகே சேர்ந்தால் கட்டுபவர் யார்? அதற்காகத்தான் காத்திருப்புக் காலம் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் சர்க்கரை நோய் எரிகிற வீடன்று. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தால் பல்லாண்டு உழைத்து வாழலாம். அப்படிப்பட்டவரைக் காத்திருக்கச் சொல்வது வேறு. கதவையே சாத்துவது வேறு.

என் தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஏழாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு காப்பீடு எடுக்க விரும்பினோம். வந்த முகவர், “சர்க்கரைன்னு எழுதாதீங்கண்ணே, எழுதினா பாலிசி வராது” என்றார். அப்பாவோ, “பொய் எழுதிக் கட்டுற பணம் அவசரத்துக்கு உதவாதுங்க” என்று சொல்லி, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். படிவத்தை நானே நிரப்பினேன். சில நாட்களில் ஒரே வரியில் மறுப்பு வந்தது. காரணம் எதுவும் விளக்கப்படவில்லை. அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம் என்றால், ஆண்டு வருமான எல்லை 1,20,000 ரூபாய். மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் எங்கள் குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அரசின் கணக்கில் நாங்கள் ஏழைகள் அல்லர். நிறுவனத்தின் கணக்கில் நாங்கள் நலமுள்ளவர்கள் அல்லர்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. எந்தத் திட்டத்திலும் சேராமல் இப்படி நடுவில் நிற்போர் நாட்டு மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர், அதாவது 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

விதிகள் சற்றே இளகியிருப்பதையும் சொல்ல வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச அளவை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. ஐந்தாண்டுகள் விடாமல் பிரீமியம் கட்டியவருக்கு, மோசடியை மெய்ப்பித்தாலன்றி, ‘நோயை மறைத்தார்’ என்று கூறிப் பணம் மறுக்க இயலாது. இதற்கு முன் அது எட்டாண்டுகள். ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு முறைப்படி மாறினாலும், கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. நோயுள்ளவர்க்கும் ஏற்ற திட்டங்களை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையம் கூறியது. ஆயினும், இன்னாரை ஏற்பதா, கூடுதல் பிரீமியம் கேட்பதா, மறுப்பதா என்ற முடிவு நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது.

எனவே மறைப்பதே வழி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மருத்துவமனையில் படுத்தவுடன் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வியே “எத்தனை வருடமாகச் சர்க்கரை?” என்பதுதான். அந்த விடை மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு கட்டிய பணமும் போய், கேட்ட பணமும் வராது. உண்மை எழுதியவருக்கோ சட்டம் துணை நிற்கிறது. சர்க்கரை நோயை முன்பே தெரிவித்துவிட்டுப் பயணக் காப்பீடு எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு வந்தது. நிறுவனம் பணம் மறுத்தது. உடல்நிலையை அறிந்து பாலிசி கொடுத்த பின், அதையே காட்டி மறுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வரை செல்ல இயலாதவர்கள், நிறுவனத்திடம் முறையிட்டும் பயனில்லை என்றால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

ஆனால் இவையெல்லாம் பாலிசி கிடைத்தவருக்குப் பயன்படும். கிடைக்காதவருக்கு வழி என்ன?

2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தையும், 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். ‘உனக்கு முன்பே நோய் உண்டா?’ என்று கேட்டு அவை எவரையும் வாசலில் நிறுத்தவில்லை. 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அப்படியே. இது எப்படி இயன்றது? ஆள் பொறுக்காமல் அனைவரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்ததால் இயன்றது. கூட்டம் பெருகப் பெருக ஒருவர் சுமை குறையும் என்பதே கணிதம் நமக்குக் கற்றுத் தரும் பாடம்.

ஆகவே என் கருத்து இதுதான். வருமான எல்லையைத் தாண்டிய குடும்பங்களும் தம் பங்கைக் கட்டி அரசுத் திட்டத்தில் சேர வழி செய்ய வேண்டும். நாங்கள் இலவசம் கேட்கவில்லை, இடம் கேட்கிறோம். வருமான எல்லை மாற்ற முடியாத ஒன்றும் அன்று. 2024 அக்டோபரில் 70 வயது கடந்தோர்க்கு மத்திய அரசு அந்த எல்லையை நீக்கவில்லையா? ஐம்பது வயதில் நோயோடு உழைப்பவன் எழுபது வரை எப்படிக் காத்திருப்பான்?

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பாலிசியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்ல நம் தெருவில் வேறு எவர் இருக்கிறார்? பக்கத்து வீட்டு அக்கா கையெழுத்திடும் முன் அந்தப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். ‘இல்லை’ என்ற இடத்தில் முகவர் தாமாகவே குறியிட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நாம் பெற்ற கல்வியால் நம் தெருவுக்கு இந்த உதவியாவது கிடைக்கட்டும். நோயுற்றவனுக்கும் இடமளிப்பதே காப்பீடு என்பதை ஆள்வோரும் உணரட்டும்!