மூன்றாம் எண் கூண்டு போய்ச் சேர்ந்ததா?

வானொலி வழியே செய்தி கடத்தும் பாக்கெட் ரேடியோ புல்லட்டின் போர்டில் டூப்ளிகேட் பிடிக்கும் நிரலைச் சோதிப்பவர்கள் ஒரே செய்தியை இருமுறை அனுப்பிப் பார்க்கிறார்கள். இரண்டாவது திரும்பினால் திருப்தி. அது பாதிச் சோதனைதான். வெவ்வேறான இரண்டு செய்திகளை ஒன்றென்று தள்ளிவிடுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டை இறக்கி 3ஆம் எண்ணை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழக்கரை ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர் இரண்டு கூண்டுகளின் அறிவிப்புகளையும் அடுத்தடுத்து அனுப்புகிறார். தலைப்பு ‘பாம்பன் கூண்டு’. 12 எழுத்துக்குள் தரவேண்டிய பி.ஐ.டி. அடையாளத்தை மாற்ற மறந்து, பழையதையே போட்டுவிடுகிறார். நிலையங்கள் செய்தியைக் கைமாற்றும் எஃப்.பி.பி. முறையில் அனுப்பும் நிலையம் செய்தியின் முகவரி, அளவு, அடையாளம் ஆகியவற்றைச் சொல்லி, வேண்டுமா என்று கேட்கும். அந்த அடையாளம் தன் பட்டியலில் இருந்தால் பெறும் நிலையம் ஒரு கழித்தல் குறியோடு மறுத்துவிடும். உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை. 1ஆம் எண் கூண்டு தொண்டி வரை தெரிந்திருக்கும். 3ஆம் எண் கீழக்கரையைத் தாண்டாது.

பிழை அனுப்பியவருடையது, நிரலுடையது அல்ல என்பார்கள். மனிதர் கை படாத இடத்திலும் இதே கதைதான். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட் என்ற புல்லட்டின் போர்டு வலையமைப்பில், ஒரு நிலையம் தன் செய்திக்கு இடும் 8 இலக்க எண் 3 ஆண்டுகளுக்குள் திரும்ப வரக்கூடாது என்பது விதி. பழைய காப்புப் பிரதியிலிருந்து மீட்ட கணினி அதே எண்களை மீண்டும் வழங்கக்கூடும். அடையாளத்தை நம்பாமல் செய்தியின் உள்ளடக்கத்திலிருந்து 32 பிட் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடலாம்தான். சுமார் 430 கோடி எண்கள் உண்டு. ஆனால் பட்டியலில் 77,000 செய்திகள் சேர்ந்தாலே, அவற்றுள் ஏதோ இரண்டு ஒரே எண்ணைப் பெறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பத்துச் செய்திகளை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

தமிழில் எழுதினால், ஒரே செய்தியை இரண்டென்று எண்ணும் எதிர்ப்பக்கச் சிக்கலும் வரும். ‘தனுஷ்கோடி’யின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. சரிபார்ப்பு எண்ணில் வேறு. ஒப்பிடும்போது மட்டும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அனுப்பும் மூலத்தைத் தொடக்கூடாது.

இத்தனை தயவு காட்டினால் சுற்றிச் சுற்றி வரும் செய்திகள் அலைவரிசையை அடைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. 500 தமிழ்க் குறிகள் 1,500 பைட். சுருக்காமல் அனுப்பினால் 1200 பாட் வேகத்தில் 10 விநாடிக்குக் குறையாது. ஆனால் சுற்றி வரும் செய்தியின் தலைப்பகுதியில் அது கடந்த நிலையங்களின் பெயர்கள் பதிந்திருக்கும். தன் பெயரை அங்கே காணும் நிலையம் அதை நிறுத்திவிடலாம். அதிலும் சிக்காத சந்தேகச் செய்தியை அழிக்காமல், நிலையப் பொறுப்பாளர் பார்க்கும்படி தனியே ஒதுக்கி வைக்கட்டும். எண் மட்டும் மாறிய அந்த இரண்டு கூண்டுச் செய்திகளும் சோதனைப் பட்டியலின் தலையில் இருக்கட்டும்.