வாகனம் பெரிதாகிறது, தெரு அப்படியே இருக்கிறது

 

நம்மில் அநேகர் வாகனத்தின் முன்கண்ணாடியில் பயண துஆவை ஒட்டி வைத்திருக்கிறோம். இவ்வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்தான், நம் சொந்த ஆற்றலால் இது நடக்கவில்லை, இறுதியில் நாம் அவனிடமே திரும்பக்கூடியவர்கள் என்பதே அந்த துஆவின் கருத்து (43:13,14). வாகனத்தில் ஏறும்போதே மறுமையை நினைவூட்டுகிற மார்க்கம் நம்முடையது. ஆனால், எந்த வாகனத்தை வாங்குவது என்று முடிவெடுக்கும் வேளையில் அந்த மறுமை நம் நினைவில் இருக்கிறதா?

எங்கள் மஹல்லா பள்ளிவாசலுக்குச் செல்லும் தெரு, நம் பாட்டனார்கள் காலத்தில் அமைந்தது. ஒரு ஜும்ஆ நாளில் ஏழு பேர் அமரக்கூடிய பெரிய வாகனமொன்று அத்தெருவின் முகப்பில் நிறுத்தப்பட்டிருந்தது. பிரசவ வலியோடு ஒரு சகோதரியை ஏற்றிவந்த ஆட்டோ அதைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டது. அவர் நம் பக்கத்துத் தெருவில் வாழும் பிறசமயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒலிபெருக்கியில் வாகன எண்ணை அறிவித்து, உரியவர் வந்து எடுப்பதற்குள் கால்மணி நேரம் கடந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், தாய்க்கும் சேய்க்கும் தீங்கு எதுவும் நேரவில்லை. வாகனத்திற்குரியவர் நல்ல மனிதர், தொழுகையாளி. அன்று அந்த ஏழு இருக்கை வாகனத்தில் அவர் ஒருவர் மட்டுமே வந்திருந்தார். அவருடைய வீடு பள்ளியிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

இது ஒரு தனிமனிதரின் தவறு என்று ஒதுக்கிவிட இயலாது. இந்தியாவில் 2023-24 நிதியாண்டில் விற்பனையான சுமார் 42 இலட்சம் பயணியர் வாகனங்களில் சுமார் 25 இலட்சம், எஸ்.யூ.வி. உள்ளிட்ட யூட்டிலிட்டி வகையைச் சேர்ந்தவை. உலக அளவிலும் 2023-ஆம் ஆண்டில் விற்பனையான கார்களில் ஏறத்தாழ பாதி எஸ்.யூ.வி.களே எனச் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது. அவ்வாண்டில் உலகெங்கும் ஓடிய எஸ்.யூ.வி.கள் வெளியிட்ட கரியமில வாயு 100 கோடி டன்னைத் தாண்டியது. நடுத்தரக் கார் ஒன்றைவிட எஸ்.யூ.வி. சராசரியாக 200 முதல் 300 கிலோ வரை கூடுதல் எடை கொண்டது என்றும் அம்முகமை கூறுகிறது. எடை கூடினால் அதை நகர்த்தும் எரிபொருளும் கூடும். உயர்ந்த உடலமைப்பு காற்றை எதிர்த்துச் செல்வதால் செலவு மேலும் கூடும்.

இதை ஒரு குடும்பக் கணக்காகப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வாகனம் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தந்தால் 600 லிட்டர் பெட்ரோல் போதும். 12 கிலோமீட்டர் மட்டுமே தந்தால் 1,000 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 400 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஆகவே அந்த 400 லிட்டரால் ஆண்டுக்கு 900 கிலோவுக்கும் அதிகமான வாயு கூடுதலாகக் காற்றில் கலக்கிறது. பயணம் அதே பயணம், சென்று சேரும் ஊரும் அதே ஊர்தான்.

காற்றில் கலப்பது எங்கோ போய்விடுவதில்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமந்து நிற்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும் வாய்ப்பும் கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதை நாம் மறந்திருக்க முடியாது. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து மக்கள் பட்ட துன்பத்தை நம் உறவினர் பலர் நேரில் அனுபவித்தார்கள். அந்த ஒரு மழைக்கு இந்த வாகனங்கள்தாம் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் புவி வெப்பமாவது தொடரும் வரை அத்தகைய நாள்கள் பெருகும் என்பதில் அறிவியலாளரிடையே ஐயமில்லை. மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதாக அல்லாஹ் கூறுகிறான் (30:41). கடலோரம் வாழும் சமுதாயத்திற்கு அந்த வசனம் தூரத்துச் செய்தியன்று.

"வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். குதிரையும் கோவேறு கழுதையும் நாம் ஏறிச் செல்வதற்கும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டவை என்று குர்ஆனும் கூறுகிறது (16:8). வசதியை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அதே நபிமொழியில் நல்ல அண்டை வீட்டாரும் நற்பேறாக எண்ணப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் வாகனத்தின் வசதி அண்டை வீட்டாரின் வாசலை அடைக்குமானால், நமக்குக் கிடைத்த நற்பேற்றுக்காக அவருடைய நற்பேற்றைப் பறித்துவிட்டோம் என்றே பொருள்.

பெரிய குடும்பத்தினர், முதிய பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், கரடுமுரடான பாதையில் தொழில் செய்பவர்கள் ஆகியோரின் தேவை உண்மையானது. எஸ்.யூ.வி. என்ற பெயரில் விற்பவை அனைத்தும் ஒரே அளவினவும் அல்ல. தேவையைக் கடந்து வாங்குவதைப் பற்றியே இங்கு பேசுகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் உளூச் செய்ததாக ஸஹீஹான நபிமொழிகள் அறிவிக்கின்றன. வணக்கத்திற்குரிய தண்ணீரிலேயே அளவைக் கற்றுத்தந்த மார்க்கம், பெருமைக்குரிய பெட்ரோலில் அளவில்லாமல் விட்டிருக்குமா?

மின்சார வாகனம் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் முழுமையானதன்று. புகை குறைவது நன்மையே. ஆயினும் நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. வாகனம் பெரிதானால் பேட்டரியும் பெரிதாக வேண்டும். டயர் தேய்ந்து காற்றில் கலக்கும் துகள்களும் எடையோடு சேர்ந்து கூடும். இதனால்தான் பாரிஸ் நகரம், 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூர்க் கனரகக் கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கியபோது, இரண்டு டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள மின்சாரக் கார்களையும் அதில் சேர்த்தது.

இதில் நம் சமுதாயத்திற்கே உரிய இரண்டு வேதனைகளும் உண்டு. முதலாவது, வட்டி. வீடு கட்டுவதற்குக்கூட வட்டிக் கடன் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கும் குடும்பங்களில், வாகனத்திற்கு மட்டும் வட்டித் தவணை எளிதில் நுழைந்துவிடுகிறது. சிறிய வாகனத்தைக் கைக்காசில் வாங்க முடிந்தவரும், பெரிய வாகனத்திற்காக அல்லாஹ் தடுத்த வாசலைத் தட்டுகிறார். இரண்டாவது, கைக்கூலி. ரொக்கமாகக் கேட்பதற்குக் கூச்சப்படும் மாப்பிள்ளை வீட்டார் சிலர், பெண்வீட்டார் மனமுவந்து கொடுத்தது என்று கூறி வாகனத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ பெண்ணின் வாப்பாவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன், மாமனாரின் கண்ணீரை ஓட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருவதில் என்ன கண்ணியம் இருக்கிறது?

"ஊரெல்லாம் வாங்கும்போது நான் ஒருவன் விட்டுவிட்டால் உலகம் திருந்திவிடுமா?" என்ற கேள்விக்கு முஸ்லிமிடம் எப்போதோ விடை இருக்கிறது. அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் நாளை நாம் நம்புகிறோம். அந்நாளில் ஊரின் கணக்கு நம்மிடம் கேட்கப்படாது, நம் கணக்கே கேட்கப்படும்.

ஆகவே, வாங்குவதற்கு முன் குடும்பத்தோடு அமர்ந்து சில கேள்விகளைக் கேட்போம். ஆண்டில் எத்தனை நாள் ஏழு பேர் பயணம் செய்கிறோம்? அந்த நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதாதா? நம் தெருவில் இது பிறருக்கு இடையூறின்றி நிற்குமா? வட்டியின்றி வாங்க இயலுமா? ஜும்ஆவுக்கு நடந்து செல்வதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய நன்மையை, நடக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்களாவது தேடிக்கொள்வோம். பெரிய வாகனம் ஏற்கெனவே இருப்பவர்கள், உபரியாக வாகனம் உடையவர் அது இல்லாதவருக்குக் கொடுத்து உதவட்டும் என்ற நபிமொழியை நினைவில் கொண்டு, காலியான இருக்கைகளில் அண்டை வீட்டாரை ஏற்றிக்கொள்வோம். பத்ருப் பயணத்தில் ஒரே ஒட்டகத்தில் இரு தோழர்களோடு முறைவைத்து ஏறியும் நடந்தும் சென்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தாம் நடப்பதாகத் தோழர்கள் முன்வந்தபோதும், அந்த நன்மை தமக்கும் தேவை என்று கூறி அவர்கள் தம் முறையில் நடந்தார்கள்.

நமக்கு வசப்படுத்தித் தரப்பட்ட வாகனம் நம்மை வசப்படுத்திவிடாமல் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.